தகவல் சொன்னவளும் நூல் எழுதியவளும்

கார்லி நூன் என்ற ஆஸ்திரேலிய வானியலாளரைப் பற்றிய அறிமுகங்களைப் படிப்பவர்கள் ‘பாலம்’ என்ற சொல்லையோ அதே பொருள் தரும் வேறொரு சொல்லையோ விரைவில் சந்திப்பார்கள். ஒரு கரையில் நவீன விண்வெளி அறிவியல், மறு கரையில் பூர்வகுடி மக்களின் வான் அறிவு, இரண்டையும் இணைப்பவர் இந்தப் பெண். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பெண்ணை எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்று கவனித்துப் பழகியவர்கள் இந்த உவமையைச் சும்மா விட்டுவிட முடியாது. பாலத்தின் மேல் நடப்பவர்கள் வேறு யாரோ. பாலம் தானாக எங்கும் போவதில்லை. சுமை மட்டும் முழுக்க அதனுடையது. 1981இல் அமெரிக்காவில் செர்ரி மொராகாவும் குளோரியா அன்சால்துவாவும் வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்ட நூலின் தலைப்பே பாலமாக்கப்பட்ட ஒரு முதுகைப் பற்றியது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த முதுகு தேவைப்படுகிறது.

நூன் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் டாம்வொர்த் ஊரில் வளர்ந்த கமிலராய்ப் பெண். சிறுவயதில் தம் சமூகத்து மூத்தவர் ஒருவர் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைப் பேட்டிகளில் நினைவுகூர்பவர். நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியாவில் அந்த இரட்டைப் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடிப் பெண் என்ற அடைமொழி அன்றுமுதல் அவரோடு வருகிறது. பிறகு தலைநகர் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வானியற்பியல் ஆய்வு. இடையே பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான அறிவியல் கல்விப் பணி, சிட்னி வானாய்வகத்தின் தூதர் பொறுப்பு. 2022இல், இன்னொரு கமிலராய்ப் பெண்ணான கிறிஸ்டல் டி நாபொலியுடன் சேர்ந்து ‘அஸ்ட்ரானமி: ஸ்கை கன்ட்ரி’ என்ற நூலை எழுதினார்.

இந்தப் பணிவாழ்வைப் பாலம் என்று படிப்பதைவிட நூலாசிரியர் என்ற சொல்லைக் கொண்டு படிப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிப் பெண்கள் வான் அறிவைச் சொல்வது புதிதல்ல. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவருகிறார்கள். சொன்னதைக் குறித்துக்கொண்டவர்கள் அறிஞர்கள் ஆனார்கள், சொன்னவர்கள் ‘தகவலாளி’ ஆனார்கள். நூனும் டி நாபொலியும் நிற்கும் இடம் அந்த வரலாற்றில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

நாடு என்ற சொல்

நூலின் தலைப்பிலேயே மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்கள் பேசும் ஆங்கிலத்தில் ‘கன்ட்ரி’ என்றால் எல்லைக்கோடு போட்ட நாடு என்று பொருளில்லை. நிலம், நீர், உயிர்கள், முன்னோர், சட்டம், உறவு, கடமை எல்லாம் சேர்ந்த ஒன்று அது. அதை ‘நாடு’ என்று மொழிபெயர்த்தால் குறைகிறது. தமிழ் கற்பிக்கும் எனக்குத் ‘திணை’ என்ற சொல் உடனே நாவில் வந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள், உயிரும் தொழிலும் கருப்பொருள், மனித உறவு உரிப்பொருள் என்று அடுக்கும் தொல்காப்பியத்துக்கு இந்த இணைப்பு அந்நியமில்லை. ஆனால் திணையிலும் ஒரு குறை உண்டு. நம் ஐந்திணையில் வானம் நிலத்தின்மேல் கவிந்த பின்னணி. தனியொரு நிலமாக இல்லை. இந்த நூலிலோ வானமும் நிலம். அங்கும் ஆறு ஓடுகிறது, முன்னோர் தங்குகிறார்கள், கடமைகள் இருக்கின்றன. தலைப்பு சொல்வது அதைத்தான்: வானம் என்னும் நாடு.

மார்கோ நீல் பதிப்பாசிரியராக இருந்து கொண்டுவரும் ‘முதல் அறிவுகள்’ என்ற வரிசையில் வந்த சிறு நூல் இது. பொதுவாசகருக்கானது. அந்த வடிவத்துக்குரிய பலவீனமும் இதில் உண்டு. காலனியர் வந்தபோது 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்ட கண்டம் அது. வெவ்வேறு மக்களின் வான் அறிவை ஒரு சிறு நூலில் அடுத்தடுத்து வைக்கும்போது, ‘பூர்வகுடி வானியல்’ என்று ஒற்றைப் பொருள் இருப்பதுபோன்ற தோற்றம் உருவாகிவிடும். ஆசிரியர்கள் தங்களைக் கமிலராய்ப் பெண்கள் என்று முன்னிறுத்திப் பேசுவது இதற்கு ஓரளவு மாற்று. யாருடைய குரல், எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று வாசகிக்குத் தெரிகிறது.

இருளில் ஒரு பறவை

கமிலராய் வானத்தில் முதன்மையான உருவம் ஈமு. ஈமு என்றதும் கொங்குப் பகுதியில் 2012 வாக்கில் வெடித்த பண்ணை மோசடிதான் நமக்கு நினைவுக்கு வரும்; அதை ஒதுக்கிவைத்துவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். நாம் அறிந்த விண்மீன் கூட்டங்கள் ஒளிப்புள்ளிகளைக் கோடிட்டு இணைத்தவை. இந்த ஈமு அப்படிப்பட்டதில்லை. பால்வெளியின் வெண்பட்டைக்குள் கறுத்துத் தெரியும் பகுதிகளே அதன் உடல். தென்சிலுவை மீன்களை ஒட்டிய கரும்பரப்பு தலை. அங்கிருந்து கழுத்து நீண்டு, விருச்சிகத்தை ஒட்டிய பகுதியில் உடலாகப் பருக்கிறது.

அது ஆண்டு முழுவதும் ஒரே பறவையாக இருப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களின் முன்னிரவில் கால்களோடு ஓடும் பறவையாகத் தெரிகிறது. அப்போது அது பெண். ஈமுக்களில் இணைசேரும் பருவத்தில் துரத்துவது பெண்தான். ஜூன், ஜூலையில் கால்கள் தெரியாமல் போக, அமர்ந்த பறவையாகிறது. இப்போது அது ஆண். முட்டையிட்டதும் பெண் ஈமு விலகிவிடும். ஏறத்தாழ எட்டு வாரம், உண்ணாமலும் பருகாமலும் என்றே சொல்லும் அளவுக்கு, அடைகாப்பது ஆண். முட்டைகள் கிடைக்கும் காலம் எது என்பதை மண்ணிலிருப்பவர்கள் இப்படி வானத்தில் படித்தார்கள். பருவத்துக்கேற்பப் பால் மாறும் உருவம், துரத்தும் பெண், அடைகாக்கும் ஆண்: இயற்கையே பெண்ணுக்கு அடைகாப்பை விதித்தது என்று பேசுபவர்களுக்கு இந்தப் பறவையை அறிமுகப்படுத்தலாம். ஆனால் கமிலராய் மக்கள் இதைப் பெண்ணியக் கருத்தாக உருவாக்கவில்லை. ஈமுவை நன்றாகக் கவனித்தார்கள், அவ்வளவுதான். கவனிப்பே முன்முடிவுகளைக் கலைத்துவிடும் என்பதற்கு இது சான்று.

நூனின் வானியற்பியல் ஆய்வு இதே இடத்துக்குத்தான் வருகிறது. ஈமுவின் கருமை வெறுமை இல்லை. தூசும் வாயுவும் அடர்ந்த மேகங்கள் பின்னாலிருக்கும் விண்மீன்களின் ஒளியை மறைப்பதால் வரும் கருமை அது. புதிய விண்மீன்கள் பிறப்பது இத்தகைய மேகங்களுக்குள்தான். பால்வெளியின் மையம் இந்தத் திசையில், சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. தூசு மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ அலைகள் ஊடுருவி வரும். அந்த மையத்திலிருந்து வீசும் வெங்காற்றில் அடித்துச் செல்லப்படும் ஹைட்ரஜன் மேகங்களில் மூலக்கூறுகளும் அணுக்களும் எப்படி ஒன்று மற்றதாகின்றன என்பதைப் பற்றி நூன் முதல் பெயராக எழுதிய ஆய்வுக்கட்டுரை 2023இல் வெளிவந்தது. அந்தக் கட்டுரையில் ஈமு இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் அவருடைய முன்னோர் ஈமுவின் உடலைக் கண்ட திசையில்தான் அவருடைய தொலைநோக்கியும் திரும்பியிருந்தது. இதற்குப் பெயர் பாலமா? இரு கரைகளைத் தேடிப் பார்க்கிறேன். ஒரே வானம்தான் தெரிகிறது, அதைப் பார்க்க இரண்டு பயிற்சிகள் பெற்ற ஒருத்தியும்.

துண்டை எறிந்தவள்

இப்போது பின்னோக்கிப் போக வேண்டும். 1788 ஜனவரி 26 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் சிட்னியில் நங்கூரமிட்டன. அவற்றில் வந்த வில்லியம் டாஸ் என்ற இளம் கடற்படை அதிகாரியே அந்தக் காலனியின் முதல் வானியலாளர். எதிர்பார்க்கப்பட்ட ஒரு வால்மீனைப் பார்ப்பதற்காக அரச வானியலாளர் மாஸ்கலின் கருவிகள் கொடுத்தனுப்பியிருந்தார். துறைமுகத்தை ஒட்டிய முனையில் டாஸ் சிறு வானாய்வகம் கட்டினார். வால்மீன் வரவில்லை. வந்தவள் பட்யகராங் என்ற உள்ளூர் இளம்பெண். பதின்வயதினள் என்று கருதப்படுகிறாள். அவள் தன் மொழியை அவருக்குக் கற்றுக்கொடுத்தாள். சொற்கள், வினைமுற்றுகள், முழு வாக்கியங்கள். டாஸின் குறிப்பேடுகள் நெடுங்காலம் லண்டனில் கிடந்து 1972இல் மீண்டும் கவனத்துக்கு வந்தன. சிட்னி மொழியை மீட்டெடுக்க இன்று உதவும் முதன்மைச் சான்று அவை.

அந்தக் குறிப்பேட்டில் ஒரு பதிவு என்னை நெடுநேரம் நிறுத்தியது. அடிக்கடி உடம்பைக் கழுவினால் நீயும் வெள்ளையாகிவிடலாம் என்கிறார் டாஸ். தான் வெள்ளையாகப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த துண்டைக் கீழே எறிகிறாள். விரக்தியில் எறிந்தாள் என்று குறித்துவைக்கிறார் அவர். அது விரக்தியா, சினமா, இப்படியும் பேசுகிறானே என்ற சலிப்பா? அவள் தரப்பு எழுதப்படவில்லை. எழுதியவர் ஒருவர்தான். டாஸைக் கொடியவராகக் காட்ட நான் விரும்பவில்லை. பூர்வகுடிகளைத் தண்டிக்க அனுப்பப்பட்ட படையில் விருப்பமின்றிச் சேர்ந்து, இனி இத்தகைய ஆணைக்குப் பணிய மாட்டேன் என்று சொன்னவர்; 1791இல் திருப்பி அனுப்பப்பட்டவர். ஆனாலும் வரலாற்றில் அவர் வானியலாளர், மொழியறிஞர். அவருக்கு ஆசிரியையாக இருந்தவள் தகவலாளி.

நூறாண்டு கழித்து இதே நாடகத்தில் ஆண் பாத்திரத்தை ஒரு பெண் ஏற்கிறார். கமிலராய் மக்களுக்கு மொழியாலும் உறவாலும் நெருங்கிய யுவாலராய் மக்களின் கதைகளைத் தொகுத்து 1896இல் ‘ஆஸ்திரேலியத் தொல்கதைகள்’ என்ற நூலை வெளியிட்டவர், அந்த மண்ணில் கால்நடைப் பண்ணை நடத்திய குடும்பத்துப் பெண். கதை சொன்னவர்களில் ஒரு சிலருக்குப் பெயர் சொல்லி முன்னுரையில் நன்றி உண்டு. அட்டையில் இருப்பது ஒரே பெயர்: திருமதி கே. லாங்லோ பார்க்கர். அதில் ‘கே’ என்ற ஒற்றை எழுத்து மட்டுமே அவருடையது. மற்றது கணவர் பெயர். தன் பெயரை அட்டையில் முழுதாக வைத்துக்கொள்ள முடியாத பெண்ணே, பிற பெண்களின் அறிவுக்கு உரியவராகப் பதிவாகிறார். வெள்ளைப் பெண்ணியம் பிற்காலத்தில் சந்திக்க நேர்ந்த கேள்விகள் எல்லாம் அந்த அட்டையிலேயே இருக்கின்றன.

ஏழு பெண்களும் ஆறு பெண்களும்

பார்க்கர் பதிவுசெய்த கதைகளில் மேயமேய் என்ற ஏழு சகோதரிகளைப் பற்றியதும் உண்டு. நாம் கார்த்திகை என்கிற விண்மீன் கூட்டம்தான் அவர்கள். வுருன்னா என்பவன் எழுவரில் இருவரைப் பிடித்துக்கொண்டு போய்த் தன்னோடு வைத்துக்கொள்கிறான். அவர்கள் உடலில் மின்னும் பனிப்படிகங்களை நெருப்பில் உருக்கப் பார்க்கிறான். உருகவில்லை, ஒளி மட்டும் மங்குகிறது. பைன் மரத்துப் பட்டையை வெட்டி வரச் சொல்கிறான். வெட்டினால் எங்களை இழந்துவிடுவாய் என்று அவர்கள் எச்சரித்தும் கேட்கவில்லை. அவர்கள் வெட்டத் தொடங்கியதும் மரங்கள் வளர்ந்து வானம்வரை உயர்கின்றன. மேலிருந்து சகோதரிகள் கைநீட்டி இருவரையும் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இரு மீன்கள் மங்கலாகத் தெரிவது அதனால்தான். பிழைத்தவர்களின் உடலில் வன்முறையின் தடம் இருக்கிறது. அதற்காக அவர்களை யாரும் விலக்கிவைக்கவில்லை.

அதே விண்மீன்களைப் பற்றி மகாபாரத வனபர்வம் சொல்வதை இதனருகே வைத்துப் பார்க்கலாம். ஏழு முனிவர்களின் மனைவியரில் அறுவரின் உருவை ஸ்வாகா எடுத்துக்கொண்டு அக்கினியைக் கூடுகிறாள். அருந்ததியின் உருவை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை. எந்தத் தவறும் செய்யாத அறுவரையும் கணவர்கள் ஐயுற்றுத் தள்ளிவிடுகிறார்கள். தள்ளப்பட்ட அறுவர் கார்த்திகை மீன்கள் ஆகிறார்கள். அருந்ததி மட்டும் வசிட்டரை ஒட்டிய மீனாக, சப்தரிஷி மண்டலத்திலேயே இருக்கிறாள். நம் திருமணச் சடங்கில் மணப்பெண்ணை அழைத்துவந்து காட்டும் மீன் அது. ஒரு பெண்ணுக்கு மரபு கற்றுத்தந்த முழு வானியலும் சில நேரங்களில் அந்தப் பகல்வெளிச்சத்தில், கண்ணுக்கே தெரியாத அருந்ததியைப் பார்த்துத் தலையாட்டியதோடு முடிந்துவிடுகிறது.

இந்த இரு கதைகளையும் ஒப்பிடுவதில் எனக்கு ஒரு நோக்கம் உண்டு. பூர்வீக வான் அறிவு என்றால் அது தானாகவே பெண்ணுக்கு நல்லது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. மேயமேய் கதையிலும் பெண்ணைக் கடத்துபவன் இருக்கிறான். மத்திய, மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலங்களில் ஏழு சகோதரிகளின் கதை ஓர் ஆண் பெண்களைத் துரத்திக்கொண்டே வரும் நெடும்பயணம். வேறுபாடு கதை யார் கையில் இருக்கிறது என்பதில். 2017இல் ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் இந்தக் கதைத்தடம் பெரும் கண்காட்சியாக வைக்கப்பட்டபோது, அது பாலைநில மூத்தோரின் வேண்டுகோளிலிருந்து தொடங்கியது. அவர்களில் பெண் ஓவியர்கள் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று முடிவுசெய்யும் இடத்தில் இருந்தார்கள். துரத்தப்பட்ட பெண்களின் கதையைச் சொல்லும் உரிமை பெண்களிடம் இருக்கிறது. அருந்ததியின் கதையை நம்மிடம் சொல்பவர் பெரும்பாலும் புரோகிதர்.

மறு கரையில் என்ன இருந்தது

பாலம் என்ற உவமையில் இன்னொரு பொய்யும் உண்டு. நவீன அறிவியல் என்ற கரை எல்லாருக்கும் திறந்த உறுதியான நிலம் என்று அது நம்பவைக்கிறது. ரூபி பெய்ன்-ஸ்காட்டின் கதை அந்த நம்பிக்கையைக் கலைக்கும். உலகின் முதல் பெண் ரேடியோ வானியலாளர் அவர். 1946 ஜனவரி 26 அன்று சிட்னியின் டோவர் ஹைட்ஸ் குன்றில், சூரியனிலிருந்து நேரே வரும் ரேடியோ அலையையும் கடல்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையையும் ஒன்றிணைத்து அளந்த குழுவில் முதன்மையானவர். வானியலில் ரேடியோ குறுக்கீட்டுமுறை தொடங்கியது அங்கே. நூனின் ஆய்வுக்குத் தேவைப்பட்ட தொலைநோக்கிகள் அந்தக் கொள்கையின் வாரிசுகள்.

திருமணமான பெண் அரசுப் பணியில் நிரந்தர ஊழியராக இருக்க முடியாது என்ற விதி அப்போது இருந்தது. அதனால் 1944இல் செய்துகொண்ட திருமணத்தை அவர் மறைத்தார். 1950இல் தெரியவந்ததும் நிரந்தரப் பணியும் ஓய்வூதிய உரிமையும் போயின. 1951இல் பிள்ளைப்பேற்றுக்காக விலகினார். மகப்பேறு விடுப்பு என்ற ஒன்றே கிடையாது. ரேடியோ வானியலுக்கு அவர் திரும்பவில்லை. அந்தக் குன்றில் அந்தச் சோதனை நடந்த நாள் சிட்னி ஆக்கிரமிக்கப்பட்ட அதே ஜனவரி 26 என்பது தற்செயல்தான். ஆனால் ஒரே நாளில் இரு வரலாறுகள் சந்திக்கும்போது நமக்கு ஒன்று தெளிவாகிறது. ஒரு கரையிலிருந்து பூர்வகுடிப் பெண் தகவலாளியாக எழுதப்பட்டாள். மறு கரையிலிருந்து வெள்ளைப் பெண் மனைவி என்ற காரணத்தால் வெளியே அனுப்பப்பட்டாள். கார்லி நூன் இரண்டு விலக்கங்களையும் தாண்டி வந்தவர். இரண்டையும் இணைத்தவர் என்று மட்டும் சொன்னால் விலக்கியவர்கள் யார் என்ற கேள்வி மறைந்துபோகிறது.

ஊர்கோளும் நிரூபணமும்

நூனின் தொடக்க கால ஆய்வுகளில் ஒன்று நிலவைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டம் பற்றியது. பழந்தமிழில் இதற்கு ‘ஊர்கோள்’ என்று பெயர். ஊர்ப்பேச்சில் நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பார்கள். வட்டம் தோன்றினால் மழை வரும் என்று ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளும் அறிந்திருந்தார்கள். வட்டத்துக்குள் எத்தனை மீன்கள் தெரிகின்றன என்று எண்ணிப் பார்த்து மழையைக் கணித்தவர்களும் உண்டு. உயரத்திலுள்ள மெல்லிய மேகங்களின் பனிப்படிகங்களில் நிலவொளி முறிந்து ஏறத்தாழ 22 பாகை ஆரத்தில் இந்த வட்டம் உருவாகிறது. அத்தகைய மேகங்கள் பல நேரங்களில் மழைக்கு முன்னோடியாக வருபவை. ஆக, அறிவு சரி.

இங்கேதான் எனக்கு ஓர் ஐயம். பூர்வகுடி அறிவை மதிக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் இந்த வழியைத்தான் தேர்கிறார்கள். இது அறிவியல்படியும் சரியே என்று காட்டுவது. காலனியம் ‘கட்டுக்கதை’ என்று ஒதுக்கியதற்கு எதிராக இந்த நிரூபணம் தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்தச் சல்லடையில் தங்குவது தகவல் மட்டும். ஈமு எப்போது அமர்கிறது என்பது தங்கும். முட்டையை யார் எடுக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும், கதையை யாருக்குச் சொல்லலாம் என்பவை நழுவிவிடும். ‘ஸ்கை கன்ட்ரி’ நூலின் வலிமையான இடங்கள் உறவையும் கடமையையும் பேசுபவை. ‘அவர்களும் வானியலாளர்களே’ என்று நிறுவும் இடங்கள் தேவையானவை, ஆனால் அவற்றில் தீர்ப்புச் சொல்லும் நாற்காலி பழைய இடத்திலேயே இருக்கிறது.

நம் சூழலில் இந்த விவாதத்துக்கு வேறொரு கூர்மை உண்டு. 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், கௌரவர்கள் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்று ஒரு துணைவேந்தர் மேடையில் பேசினார். பண்டைய அறிவு என்ற சொல் இங்கே அதிகாரத்திலிருப்பவர்களின் வாயிலிருந்து வருகிறது; கவனிப்பின் துணை அதற்கு இல்லை. கமிலராய் மக்களின் வான் அறிவோ நிலம் பறிக்கப்பட்ட, பிள்ளைகள் பறிக்கப்பட்ட, மொழி தடுக்கப்பட்ட மக்கள் காத்துவந்தது. நூற்றாண்டுகளின் கவனிப்பில் விளைந்தது. இரண்டையும் ஒரே ‘பாரம்பரிய அறிவு’ப் பெட்டியில் போடுபவர்கள் நம் கல்விக்கூடங்களில் இருக்கிறார்கள். மாணவிகள் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்: இதைச் சொல்பவர் யார், எதைக் கவனித்துச் சொல்கிறார், இதைச் சொல்வதால் யாருக்கு இடம் கிடைக்கிறது?

வெள்ளையாக்கப்படும் வானம்

இவர்கள் எழுத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வானம் இன்றும் ஆக்கிரமிக்கப்படுகிறது என்ற வாதம். டி நாபொலி, டுவேன் ஹமாக்கருடனும் இன்னொருவருடனும் சேர்ந்து 2020இல் எழுதிய கட்டுரை, செயற்கை வெளிச்சத்தால் வானம் ‘வெள்ளையாக்கப்படுவதை’ப் பண்பாட்டு இனப்படுகொலையின் வடிவம் என்கிறது. அந்தச் சொல்லாட்சி மிகை என்று தோன்றலாம். ஆனால் ஈமு இருளால் ஆனது. இருள் போனால் அதன் உடல் போய்விடும்; கதையைச் சுட்டிக்காட்டிச் சொல்ல இடமில்லாமல் போகும். பட்யகராங் எறிந்த துண்டு நினைவுக்கு வருகிறது. அன்று தோலுக்குச் சொன்னதை இன்று வானத்துக்குச் செய்கிறார்கள்.

2019 மே மாதம் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஒரே ஏவலில் 60 போயின. அதன்பின் ஆயிரக்கணக்கில். 1967இன் விண்வெளி ஒப்பந்தம் விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது, அது மனிதகுலம் முழுவதற்குமானது என்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று அறிவித்துத்தானே ஒரு கண்டத்தையே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பொய்யைச் சட்டத்திலிருந்து நீக்க 1992இன் மாபோ தீர்ப்பு வரை ஆஸ்திரேலியா காத்திருக்க வேண்டியிருந்தது. வானமும் நாடுதான் என்று இரு கமிலராய்ப் பெண்கள் எழுதும்போது, கவித்துவ உருவகமாக அதைப் படித்துக் கடந்துவிட முடியாது. அது உரிமைக் கோரல்.

அட்டையில் இருக்கும் பெயர்

அதே 2022இல் இன்னொரு முக்கிய நூலும் வந்தது: ஹமாக்கரின் ‘முதல் வானியலாளர்கள்’. பூர்வகுடி மூத்தோர் ஆறு பேரின் பெயர்கள் அதில் ஆசிரியர் பெயரோடு சேர்ந்து வருகின்றன. பார்க்கர் காலத்து அட்டையிலிருந்து இது நெடுந்தூரம். வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அந்த ஆறு பேரும் ஆண்கள். பெயர் சொல்லும் நீதி வந்தபோதும் அது முதலில் ஆண்களிடம் வந்திருக்கிறது. அதன் அருகே ‘ஸ்கை கன்ட்ரி’யின் அட்டையை வைத்துப் பார்த்தால் அந்த இரு பெண்பெயர்களின் எடை தெரியும்.

இது தொலைதூரக் கதையில்லை. தமிழ்த்துறைகளில் தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு பற்றிச் செய்யப்பட்ட ஆய்வேடுகளைப் புரட்டுங்கள். பின்னிணைப்பில் ‘தகவலாளர் பட்டியல்’ இருக்கும். பெயர், வயது, சாதி, ஊர். பெரும்பாலும் பெண்கள். அவர்கள் பாடியது ஆய்வேட்டின் உடல்; அவர்கள் இருப்பது கடைசிப் பக்கத்தில். பட்டம் வாங்கியவர்கள் நாம். களப்பணிக்குப் போகும் மாணவிகள் அந்தப் பட்டியலை முன்னே கொண்டுவருவது எப்படி, பாடியவருக்கு அந்த ஏட்டின் மேல் என்ன உரிமை, அச்சாகும் முன் அவருக்குப் படித்துக்காட்டினோமா என்றெல்லாம் தங்கள் நெறியாளரிடம் கேட்கலாம். அடுத்த தலைமுறையில் அந்தப் பாட்டியின் பேத்தியே ஆய்வாளராக வருவாள், தன் பெயரில் எழுதுவாள். வந்துகொண்டும் இருக்கிறார்கள். அவர்களையாவது பாலம் என்று அழைக்காமல் இருப்போம்.